ஓடாமல் விட்ட 10 கிலோமீட்டர்

2025 ஜனவரி 13, திங்கட்கிழமை, அதிகாலை நாலே முக்கால். ஷூ லேசைக் கட்டிக்கொண்டு கீழே இறங்கி கேட்டைத் திறந்தேன். தெருவிளக்கின் வெளிச்சம் தெரிந்தது, கம்பம் தெரியவில்லை. எங்கோ ஒரு பையன் போகி மேளம் தட்டிக்கொண்டிருந்தான். சத்தம் பக்கத்தில்தான் கேட்டது, ஆளைக் காணோம். தெருமுனையில் யாரோ கொளுத்திய குவியலில் பழைய பாயும் தலையணையும் எரிந்துகொண்டிருந்தன. அவற்றோடு ரப்பரோ ரெக்ஸினோ ஏதோ ஒன்று, தொண்டையில் பிடிக்கிற நெடி. என் அட்டவணைப்படி அன்றைக்கு 10 கிலோமீட்டர், அதில் நடுவில் 6 கிலோமீட்டர் பந்தய வேகத்தில். அந்த ஞாயிறு மும்பையில் அரை மாரத்தான், 21 கிலோமீட்டர் ஓட்டப் பந்தயம். அதற்கு முன் வேகமாக ஓடக்கூடிய கடைசி நாள் அது. கைபேசியில் காற்றுத் தர செயலியைத் திறந்து பார்த்தேன். பச்சை இல்லை, மஞ்சளும் இல்லை. கேட்டைப் பிடித்தபடி ஐந்து நிமிடம் நின்றுவிட்டுத் திரும்ப மாடியேறினேன். ஷூவைக் கழற்றும்போது அம்மா எழுந்து வந்து, "என்னப்பா, போகலையா?" என்றாள். "புகைம்மா" என்றேன்.

அந்த ஓடாத 10 கிலோமீட்டர் அந்த வாரம் முழுவதும் என்னோடு வந்தது. பொங்கல் பானை பொங்கும்போது வந்தது, ரயிலில் வந்தது, மும்பையில் பந்தயக் கோட்டில் வந்து நின்றது. பந்தயம் முடிந்ததும் அது போய்விட்டது. அது இருந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. அதைப் பற்றி எழுதத்தான் இந்தப் பதிவு.

மார்கழிக்காகக் காத்திருப்பது

சென்னையில் ஓடுகிறவர்களுக்கு டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடு வரைக்கும்தான் ஆண்டு. மற்ற மாதங்களில் ஓடுவதெல்லாம் இந்த ஏழெட்டு வாரங்களுக்குச் சேர்த்துவைப்பதுதான். மே மாதம் காலை ஐந்து மணிக்கே 28 டிகிரி இருக்கும். பெசன்ட் நகரிலிருந்து திருவான்மியூர் போய்த் திரும்புவதற்குள் சாக்ஸ் பிழிகிற அளவுக்கு நனைந்துவிடும். ஜனவரியில் அதே நேரத்தில் 21, 22. கேட்பவர்களுக்கு இது ஒரு குளிரா என்று தோன்றும். ஆனால் அதே வேகத்தில் ஓடும்போது இதயத் துடிப்பு பத்து குறைவாக இருப்பதைக் கடிகாரத்தில் பார்க்கிறவனுக்கு இது பெரிய வரம். உடலைக் குளிர்விக்கத் தோலுக்குப் போக வேண்டிய ரத்தம் காலுக்குப் போகிறது. மார்கழியில் கோலம் போடுகிறவர்களைத் தாண்டி, கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்டுக்கொண்டே அடையாறு திரு.வி.க. பாலத்தில் ஏறி இறங்கும்போது, ஓடவே பிறந்தவன் மாதிரி இருக்கும்.

இந்த வரத்துக்கு ஒரு மறுபக்கம் உண்டு. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அதை நினைக்காமல் பல ஆண்டுகள் ஓடியிருக்கிறேன். குளிர்கால இரவில் தரை குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, கனத்து, கீழேயே தங்கிவிடுகிறது. அதற்கு மேலே கொஞ்சம் சூடான காற்று மூடி போட்டதுபோல நிற்கிறது. வண்டிப் புகை, குப்பை எரித்த புகை, கட்டுமானத் தூசி எல்லாம் அந்த மூடிக்குக் கீழே அடைபட்டுக் கிடக்கின்றன. வெயில் ஏறித் தரை சூடாகி, காற்று மேலே எழும்பினால்தான் மூடி விலகும். ஆக, நமக்கு ஓட நன்றாக இருக்கிற அந்தக் குளிர்ச்சியும் அசையாத காற்றும்தான் அழுக்கையும் கட்டிவைக்கின்றன. அதிலும் விடியலுக்கு முந்தைய நேரம்தான் பெரும்பாலும் மோசம். "சுத்தமான காலைக் காற்று" என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நகரத்தில், குளிர்காலத்தில், அது பல நாட்கள் உண்மை இல்லை.

சும்மா உட்கார்ந்திருக்கிறவர் நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் காற்றை இழுக்கிறார், அதையும் மூக்கு வழியாக. நல்ல வேகத்தில் ஓடுகிறவன் 60 லிட்டருக்கு மேல் இழுக்கிறான், அதுவும் வாயைத் திறந்துகொண்டு. மூக்கு வடிகட்டுகிற கொஞ்சத்தையும் வாய் வடிகட்டாது. 2.5 மைக்ரானுக்குக் குறைவான நுண்துகள்களை மூக்கே முழுதாகத் தடுக்க முடியாது, அவை நுரையீரலின் அடி வரை போகின்றன. ஒரு நாளின் சராசரி ஒரு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வைத்த எல்லை. நம் நாட்டு எல்லை 60. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தில்தான் நம் குளிர்கால ஓட்டங்கள் பலவும் நடக்கின்றன, பல நாட்கள் அதையும் தாண்டி.

போகி அன்று இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். டயர், பிளாஸ்டிக் கொளுத்தாதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒவ்வொரு ஆண்டும் சொல்கிறது. முன்பைவிடக் குறைந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். 2018 போகிப் புகையில் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டது நினைவிருக்கலாம். அந்த அளவுக்கு எங்கள் தெரு இந்த முறை இல்லை. ஆனாலும் நான் திரும்பி வந்தேன். எங்கள் ஓட்டக் குழுவில் நான்கு பேர் அன்று ஓடினார்கள். எலியட்ஸ் கடற்கரையில் மங்கலான பின்னணியோடு படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் வயிற்றில் ஒரு பிசைவு. ஐந்து மாதம் ஓடியதில் ஓட்டை விழுந்துவிட்டது மாதிரி இருந்தது.

செவ்வாய், பொங்கல். சாயங்காலம் 5 கிலோமீட்டர் மெதுவாக. புதன், மாட்டுப் பொங்கல். திங்கட்கிழமை விட்டதை அன்று ஓடிவிடலாமா என்று காலையிலிருந்து மனசு அரித்தது. குழுவில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார், அறுபதைத் தாண்டியவர், எல்லோருக்கும் 'சார்'. அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "தம்பி, கடைசி வாரத்துல ஓடுற ஓட்டம் கால்ல சேராது. களைப்புலதான் சேரும். பேசாம சக்கரைப் பொங்கல் சாப்பிடுங்க" என்றார். அவர் சொன்னது சரி. கடுமையான ஒரு பயிற்சியின் பலன் உடம்பில் சேர பத்து நாளோ இரண்டு வாரமோ ஆகும். பந்தயத்துக்கு நான்கு நாள் முன்னால் ஓடுவதில் வரவு இல்லை, செலவு மட்டும்தான். டேப்பர் என்று இதற்குப் பெயர் வைத்துக் குறைத்துக்கொண்டே வரச் சொல்வது இதற்காகத்தான். புத்திக்குப் புரிந்தது. கால் மட்டும் ராத்திரியெல்லாம் துறுதுறுவென்றிருந்தது.

தாராவியில் மூன்று ராத்திரி

வியாழன், காணும் பொங்கல். ஊரே கடற்கரைக்குப் போய்க்கொண்டிருக்க, நான் பையைத் தூக்கிக்கொண்டு சென்ட்ரலில் ரயில் ஏறினேன். மதியம் கிளம்பினால் மறுநாள் மதியம் மும்பை. அம்மா கட்டிக்கொடுத்த புளியோதரையும் தயிர்சாதமும் இரண்டு வேளைக்கு வந்தன. பந்தயத்துக்கு முந்தைய நாட்களில் மாவுச்சத்தை ஏற்றவேண்டும் என்று புத்தகம் போட்டுச் சொல்வதை நம் ரயில் சாப்பாடு தானாகவே செய்துவிடுகிறது. காலையில் லோனாவாலா தாண்டி மலை இறங்கும்போது பள்ளத்தாக்கில் பனி நிறைந்திருந்தது. கீழே கர்ஜத் வந்தபிறகும் அது விலகவில்லை. இன்னும் கல்யாண், தாணே என்று நகரம் நெருங்க நெருங்க, அதன் நிறம் வெள்ளையிலிருந்து பழுப்புக்கு மாறிக்கொண்டே வந்தது. இரண்டு வாரத்துக்கு முன்புதான் காற்று மோசமாக இருக்கிறது என்று மும்பை மாநகராட்சி பைகுல்லாவிலும் போரிவலி கிழக்கிலும் கட்டட வேலைகளை நிறுத்தச் சொல்லியிருந்தது. அதைச் செய்தியில் படித்தது அப்போது ஞாபகம் வந்தது.

அத்தை வீடு தாராவியில். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்காகப் போய்க் குடியேறிய தமிழர்கள் அங்கே பல தலைமுறையாக இருக்கிறார்கள். மாமாவின் தாத்தா அப்படிப் போனவர். மாமா தோல் பை, பெல்ட் தைக்கும் பட்டறையில் நாற்பது வருடம் உட்கார்ந்தவர். இப்போது மூச்சு முட்டல். நான் போனபோது வாசல் படியில் கைலியோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மூச்சுக்கு மருந்தடிக்கும் நீல நிற பம்ப். "வா மருமகனே" என்று சொல்லி முடிப்பதற்கே நடுவில் ஒருமுறை மூச்சு வாங்கிக்கொண்டார். வாசலில் பொங்கலுக்குப் போட்ட கோலத்தின் செங்காவி இன்னும் அழியாமல் இருந்தது.

வெள்ளி மாலை போய் பிப், அதாவது பனியனில் குத்திக்கொள்ளும் பந்தய எண் அட்டை, வாங்கி வந்தேன். அத்தை அதைக் கையில் வாங்கி எண்ணைத் தடவிப் பார்த்தாள். "இதுக்குக் காசு கட்டியா ஓடுத?" என்று மாமா கேட்டார். அவர் கேலியாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். கட்டணம், ரயில் டிக்கெட், லீவு எல்லாம் சொன்னேன். எத்தனை மாதமாக எத்தனை மணிக்கு எழுந்து ஓடுகிறேன் என்றும் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். சனிக்கிழமை முழுக்க ஓய்வு. அத்தை மூன்று வேளையும் சோறு போட்டாள். "ராத்திரி வெறும் வயித்தோட படுக்காதய்யா" என்று எட்டு மணிக்கு இட்லி வேறு.

அன்று ராத்திரி, நாளைக்குத் தேவையானதை எல்லாம் தரையில் பரப்பி வைத்துக்கொண்டிருந்தேன். பனியனில் நான்கு ஊக்கு போட்டு பிப்பைக் குத்தி, பக்கத்தில் ஷூ, சாக்ஸ், ஓடும்போது தெம்புக்குச் சாப்பிட இரண்டு ஜெல். மாமா கட்டிலில் இரண்டு தலையணையை முதுகுக்கு வைத்து உட்கார்ந்திருந்தார். அவருக்குப் படுத்தால் மூச்சு அடைக்கும், உட்கார்ந்தபடிதான் தூக்கம். "எத்தன மணிக்கு ஓட்டம்?" என்றார். ஐந்து மணி என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னார்: "இந்தக் குளிர் மாசத்துல எனக்கு அந்த நேரந்தான்யா ஆகாது. மூணு மணியிலருந்து வெயில் வாரவரைக்கும் நெஞ்சக் கவ்விப் பிடிச்சிருக்கும். ஒம்பது மணிக்கு மேல காத்து மாறும். கடல் காத்து உள்ள வந்தாத்தான் எனக்கு உசுரு வரும்."

எனக்கு நான் படித்து வைத்திருந்ததெல்லாம் அந்த ஒரு வாக்கில் வந்து நின்றது. இரவில் நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் காற்று, ஊர் அழுக்கை மெல்லத் தள்ளிக்கொண்டு போகிறது. பகலில் நிலம் சூடானபிறகுதான் கடலிலிருந்து காற்று திரும்பி வீசுகிறது. இதை வரைபடத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டவன் நான். மாமா நெஞ்சுக்குள்ளே வைத்திருக்கிறார். நான் ஐந்து மாதமாகக் காத்திருந்து, காசு கட்டி, ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்து முழு வாயால் இழுக்கப்போகிற நேரம்தான், அவர் விடிந்தால் போதும் என்று சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நேரம்.

ஞாயிறு

மூன்றரைக்கு எழுந்தேன். மாமா விழித்துத்தான் இருந்தார். பம்பை வாயில் வைத்து இரண்டு முறை அழுத்தினார். அந்த 'ஸ்ஸ்' சத்தம் இருட்டில் ரொம்பத் தெளிவாகக் கேட்டது. நான் கைபேசியைக் கையில் எடுத்தேன். திங்கட்கிழமை திறந்து பார்த்த அதே செயலி, அதே இடத்தில் இருந்தது. விரலை அதன் மேல் கொண்டுபோனேன். தொடவில்லை. டாக்ஸி வந்துவிட்டதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கைபேசியைப் பைக்குள் வைத்தேன். இந்த வாரத்தில் நடந்தது எது என்று யாராவது கேட்டால், இதைத்தான் சொல்வேன்.

அரை மாரத்தான் கிளம்பும் மாஹிம் ரேதிபந்தருக்குத் தாராவியிலிருந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் இருட்டில் நின்றபடி கையைக் காலை உதறிக்கொண்டிருந்தார்கள். இந்த மும்பை மாரத்தான் 2004-ல் தொடங்கியது, 2025-ல் இருபதாவது முறை. நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் ஆள் வருகிறார்கள். என் பக்கத்தில் நின்றவர் கோலாப்பூர்க்காரர், அறுபது வயது இருக்கும், கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கிளம்பினோம்.

பாந்த்ரா - வர்ளி சீ லிங்க்கைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் போதாது. 5.6 கிலோமீட்டர், கடலுக்கு மேலே. மற்ற நாட்களில் அதில் நடந்து போக யாருக்கும் அனுமதி இல்லை. அன்று காலை மட்டும் வண்டிச் சத்தமே இல்லாமல் ஷூக்கள் தரையில் படுகிற சத்தம், மழை பெய்வதுபோல. தூண்களிலிருந்து இறங்கும் கம்பிகள் தலைக்கு மேல் விரிந்துகொண்டே வந்தன. 22 டிகிரிக்குக் குறைவாகத்தான் இருந்திருக்கும். கால் லேசாக இருந்தது, அவ்வளவு லேசாக அது இருந்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. 5 நிமிடம் 38 விநாடி, 5:36, 5:37 என்று ஒவ்வொரு கிலோமீட்டரும் தானாக விழுந்தது. அப்போது நிமிர்ந்து விளக்குகளைப் பார்த்தேன். ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் ஒரு பழுப்பு வட்டம். முன்னால் தெரியவேண்டிய வர்ளிக் கட்டடங்கள் பாதி உயரத்துக்கு மேல் இல்லை. திங்கட்கிழமை என் தெருவில் கம்பம் தெரியாத விளக்கை நினைத்துக்கொண்டேன். நெடி இல்லை, மேளம் இல்லை, எரிகிற குவியல் இல்லை. வேகத்தைக் குறைக்கவில்லை.

பெடர் ரோடு ஏற்றம் எல்லோரும் பயமுறுத்துகிற இடம். உடம்பு களைத்தபிறகு வருவதால்தான் அந்தப் பேர். உண்மையில் நம் அடையாறு பாலத்தில் பத்து முறை ஏறி இறங்கியவருக்கு அது பெரிய மலை இல்லை. அங்கே குடியிருப்பவர்கள் அந்த இருட்டிலேயே பிள்ளைகளோடு இறங்கி வந்து ஆரஞ்சுச் சுளையும் பிஸ்கட்டும் நீட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பாட்டி சால்வையைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் கை தட்டினார். அவருக்கும் மாமா வயதுதான் இருக்கும். ஏற்றத்தின் உச்சியில் மூச்சு எனக்கு எவ்வளவு பெரிதாக வந்தது என்பது ஞாபகம் இருக்கிறது. மரீன் டிரைவில் வானம் வெளுத்தது. கடைசி இரண்டு கிலோமீட்டரில் என்னிடம் இருந்த எல்லாவற்றையும் போட்டு ஓடினேன். 1 மணி 58 நிமிடம் 26 விநாடி. என் வாழ்நாளில் ஓடிய வேகமான அரை மாரத்தான். இரண்டு மணி நேரத்துக்குள் ஓடவேண்டும் என்று மூன்று ஆண்டாக ஆசைப்பட்டது. கோட்டைத் தாண்டி நின்றபோது கண்ணில் தண்ணீர் வந்தது. அந்தச் சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். சூரியன் அப்போதுதான் எழுந்துகொண்டிருந்தது. மாமாவுக்குக் காற்று மாற இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

எது முடிவு செய்தது

ஓடாமல் விட்ட 10 கிலோமீட்டர் என்னிடமிருந்து ஒரு விநாடியைக்கூட எடுக்கவில்லை. அது போகட்டும். திரும்பும் ரயிலில் என்னைத் தூங்கவிடாதது வேறு. திங்கட்கிழமை நான் நின்றதற்குக் காரணம் என் நுரையீரல்மேல் இருந்த அக்கறை என்றுதான் நினைத்திருந்தேன். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை ஏன் செயலியைத் தொடவில்லை? அன்று ஒரு பயிற்சி ஓட்டம், விட்டால் நஷ்டம் சின்னது. இன்று பந்தயம், விட்டால் நஷ்டம் பெரிது. காற்று என்ன சொல்லியிருந்தாலும் நான் ஓடியிருப்பேன். அது தெரிந்துதான் கேட்காமல் விட்டேன். இரண்டு மணி நேரத்தில் என்ன ஆகிவிடும் என்று சொல்லலாம். ஆரோக்கியமான ஒருவருக்கு ஆண்டு முழுக்க ஓடுவதன் நன்மை இந்த மாதிரிச் சில காலைகளின் கெடுதலைவிடப் பெரிது என்பதையும் நம்புகிறேன், அதை நம்பித்தான் இனியும் ஓடப்போகிறேன். ஆனால் அது பதிலைத் தெரிந்துகொண்டு ஓடுகிறவர் சொல்ல வேண்டியது. நான் தெரிந்துகொள்ளாமல் ஓடினேன்.

இன்னொன்றும் இருக்கிறது. தெருமுனை போகிக் குவியலைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது, யார் கொளுத்தினார்கள் என்று பார்க்கக்கூடத் தோன்றியது. மும்பையில் அந்தக் கோபம் வரவில்லை, அங்கே கோபப்பட முகம் எதுவும் இல்லை. அந்தக் காற்றில் நான் போன டாக்ஸியும் உண்டு. ஐம்பதாயிரம் பேருக்கு மேல் ஒரே காலையில் வந்து ஓடுகிறோம். இவ்வளவு பேரும் வாயைத் திறந்து இழுக்கிற காற்றைப் பற்றிக் கேட்கவேண்டாமா? நாம் கேட்பதெல்லாம் ஷூவைப் பற்றியும் ஜெல்லைப் பற்றியும்தான். இதைக் கேட்கத் தகுதியானவர்கள் ஓடுகிறவர்கள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மாமா கேட்க முடியாது, அவருக்கு ஒரு வாக்கியம் பேசவே நடுவில் நிற்க வேண்டியிருக்கிறது.

சென்னை வந்தபிறகு இரண்டு நாள் தொண்டையில் கரகரப்பு இருந்தது. பந்தயத்துக்குப் பிறகு அப்படி எனக்கு முன்பும் வந்திருக்கிறது, அதைக் காற்றின்மேல் போட முடியாது. வியாழக்கிழமை குழுவோடு நாலே முக்காலுக்குப் போகாமல், காலை எட்டரைக்குத் தனியாக ஓடினேன். அலுவலகத்துக்குத் தாமதமாக வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான். வெயில் முதுகில் ஏறியது, கடற்காற்று முகத்தில் அடித்தது. கிலோமீட்டருக்கு 6:20-ஐவிட வேகமாக ஓட முடியவில்லை. எலியட்ஸ் கடற்கரையில் தண்ணீர் குடிக்க நின்றபோது மணி ஒன்பதேகால். தாராவிக்குப் போன் போட்டேன். அத்தை எடுத்து அவரிடம் கொடுத்தாள்.

"காத்து மாறிட்டா மாமா?"

"இன்னும் இல்லய்யா" என்றார். "இன்னைக்கு லேட்டாவுது."